மூன்று மலைப்படைகளும் ஒரு கணவாயும்

கிரேக்க தேசத்தின் வடமேற்கிலே அல்பேனியாவின் எல்லையை ஒட்டி நீண்டு கிடக்கும் பிண்டஸ் மலைத்தொடரை நான் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் எந்தச் சரிவில் படை ஏற முடியும், எந்தப் பள்ளத்தாக்கில் ஏறிய படைக்குச் சோறு வந்து சேராது, எந்த நதியைக் கடக்கும்போது எதிரியின் துப்பாக்கிகள் நம்மைப் பாதியாக்கிவிடும் என்பதையெல்லாம், பல ஆண்டுகள் குடியிருந்த தெருவின் மேடுபள்ளங்களை அறிவதுபோல நான் அறிந்திருக்கிறேன். அவ்வறிவு எனக்கு வந்த மார்க்கம் ஒரு கணினி விளையாட்டு. ஸ்வீடன் தேசத்துத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் உள்ள பாரடாக்ஸ் என்னும் நிறுவனம், நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய அதே ஜூன் 6-ஆம் தேதியைத் தேர்ந்து, 2016-இல் வெளியிட்ட 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்' நான்காம் பாகம் அது.

ரயில்வே கூட்ஸ் ஷெட்டுகளில் முப்பது வருஷங்களுக்கு மேல் வாகன்களையும் ரேக்குகளையும் எண்ணிப் பதிவு செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்து ஓய்வு பெற்ற எனக்கு, 2018-ஆம் ஆண்டு என் தமக்கையின் மகன் தன் பழைய கணினியோடு இந்த விளையாட்டையும் கொண்டுவந்து கொடுத்தான். உலக யுத்தத்தைப் பற்றிய நூல்களை வாலிபம் முதலே தேடித் தேடிப் படித்தவன் நான் என்பது அவனுக்குத் தெரியும். "மாமா, நீங்க படிச்சதையெல்லாம் இதிலே செஞ்சு பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, 1936 ஜனவரி 1-ஆம் தேதி என்று காட்டிக்கொண்டிருந்த ஓர் உலகப் படத்தை என் முன்னே விரித்து வைத்துவிட்டுப் போனான். எந்த நாட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, அதன் தொழிற்சாலைகளையும் ஆராய்ச்சிகளையும் ராஜதந்திரத்தையும் சேனையையும் நாமே நடத்த வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. நான் இத்தாலியை எடுத்துக்கொண்டேன். மலை நாடும் கடல் நாடும் ஒருங்கே ஆனது அது; மலையில் போர் புரிவதற்கென்றே 1872-இல் ஆல்பினி என்னும் படையை ஏற்படுத்திய தேசம் அது; விசேஷப் படைகளின்மீது எனக்கு அந்நாளில் இருந்த மோகத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாடு வேறொன்று தோன்றவில்லை.

இந்த ஆட்டத்தில் விசேஷப் படைகள் என்று மூன்று உண்டு: மலைப்படை, கப்பலிலிருந்து கரையேறித் தாக்கும் மரீன் படை, பாராசூட் படை. சாதாரணக் காலாட்படையைவிட அவற்றைப் பயிற்றுவிக்க நாட்கள் அதிகம், ஆயுதம் அதிகம். அதற்குப் பிரதியாக, மலைப்படை மலையிலும் குன்றிலும் சாதாரணச் சிப்பாய் படும் துன்பத்தின் ஒரு பகுதியைப் படுவதில்லை. மரீன் படை கடற்கரையிலும் நதிக்கரையிலும் அவ்வாறே. டிவிஷன் என்பதை நாமே வடிவமைக்கலாம். எத்தனை பட்டாலியன் காலாட்கள், எத்தனை பட்டாலியன் பீரங்கிகள், துணைக்கு எந்தெந்தக் கம்பெனிகள் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும்; ஆனால் நிரப்பும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சேனையின் அனுபவம் என்று ஒரு கணக்கு வைத்து, அதிலிருந்து கழித்துக்கொள்கிறார்கள். அவ்வனுபவம் பெரும்பாலும் போர் புரிந்தே கிடைப்பது. இத்தாலிக்கோ 1936 ஜனவரியிலேயே எத்தியோப்பியாவின்மேல் நடந்துகொண்டிருக்கும் ஒரு யுத்தம் கையில் இருக்கிறது. சரித்திரத்தில் வெட்கத்துக்குரிய அந்த யுத்தம், ஆட்டத்தில் அனுபவத்தைச் சேர்த்துத் தரும் பள்ளிக்கூடமாக அமைந்துவிடுகிறது.

அப்பள்ளிக்கூடத்தில் சம்பாதித்த யாவற்றையும், ஒரு புள்ளி மிச்சமில்லாமல், நான் மலைப்படையின் மேலேயே செலவழித்தேன். விசேஷப் படைகளை மனம்போல் பெருக்கிவிட முடியாதபடி அவ்வாண்டு மார்ச் மாதம்தான் ஒரு வரம்பு கட்டியிருந்தார்கள்: சேனை முழுவதிலும் உள்ள பட்டாலியன்களில் நூற்றுக்கு 5 மட்டுமே விசேஷப் படையாக இருக்கலாம், சேனை எவ்வளவு சிறிதாயினும் 24 பட்டாலியன்கள் வரை அனுமதி உண்டு. பத்துப் பட்டாலியன்கள் கொண்ட இரண்டு மலை டிவிஷன்களை அமைத்து, ஒன்றுக்குப் பொதிகை என்றும் மற்றொன்றுக்கு ஆனைமலை என்றும் பெயரிட்டேன். டிவிஷன்களுக்கு நாம் விரும்பிய பெயரைச் சூட்ட ஆட்டம் இடம் கொடுக்கிறது. பீரங்கி இல்லை, பொறியாளர் இல்லை, காயம்பட்டோரைக் கவனிக்கும் மருத்துவக் கம்பெனி இல்லை. பத்தும் பத்தும் வீரர்களே. இத்தாலியின் சாதாரண டிவிஷன்களை நான் திரும்பியும் பார்க்கவில்லை.

1940-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அல்பேனியாவிலிருந்து கிரேக்கத்தின்மேல் படையெடுத்தேன். பொதிகையும் ஆனைமலையும் முதல் இரண்டு வாரங்கள் நடந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. கிரேக்கர்கள் பின்வாங்கப் பின்வாங்க, படத்தில் என் நிறம் மலையின் நடுவே ஒரு விரலைப்போல நீண்டுகொண்டே போயிற்று. மூன்றாவது வாரத்தில் விரலின் நுனியில் சப்ளை குறைந்துவிட்டதற்கான சிறு சின்னம் தோன்றியது. அதை நான் அலட்சியம் செய்தேன். நான்காவது வாரத்தில், விரலின் இரு பக்கங்களிலும் நின்ற சாதாரண டிவிஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குலைந்து பின்னே போயின. விரலின் அடியில் கிரேக்கர்கள் கைகோத்துக்கொண்டார்கள். சுற்றி வளைக்கப்பட்டுப் பின்வாங்க வழியில்லாமற் போன டிவிஷன் தோற்றால், அது சிதறுவதில்லை. அடியோடு அழிந்து போகிறது. பொதிகையும் ஆனைமலையும் ஒரே இரவில் படத்திலிருந்து மறைந்தன.

விடுமுறைக்கு வந்த மருமகனிடம் அதைச் சொல்லி, மலைப்படையை இன்னும் எப்படிப் பலப்படுத்துவது என்று நான் ஆவலோடு கேட்டபோது, அவன் பழைய பதிவைத் திறந்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "மலையிலே நீங்க தோக்கலை மாமா. ரெண்டு பக்கமும் இருந்த படைதான் தோத்துது" என்றான்.

அச்சொல்லின் பிறகுதான், சரித்திரத்தில் அதே மலையில் நடந்ததை நான் வேறு கண்ணோடு படிக்கலானேன். 1940 அக்டோபர் 28-ஆம் தேதி முஸோலினியின் சேனை கிரேக்க எல்லையைக் கடந்தபோது, பிண்டஸ் மலையின் ஊடே மெட்ஸோவோ கணவாயைப் பிடித்துக் கிரேக்க சேனையை இரண்டாகப் பிளக்கும் பொறுப்பு, ஆல்பினிகளின் ஜூலியா டிவிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. மழையிலும் சேற்றிலும் அவர்கள் வெகுதூரம் முன்னேறினார்கள். கர்னல் டவாகிஸ் தலைமையில் நின்ற ஒரு சிறு கிரேக்கப் படை, எதிர்த்தும் பின்வாங்கியும் அவர்களைத் தாமதப்படுத்திக்கொண்டே போயிற்று. பின்பு கிரேக்க உதவிப் படைகள் வந்து பக்கங்களில் பாய்ந்தபோது, ஜூலியா டிவிஷன் பெரும் நஷ்டத்தோடு எல்லையை நோக்கித் திரும்ப நேர்ந்தது. நவம்பர் 13-க்குள் அந்தச் சண்டை முடிந்துவிட்டது. அந்த ஆல்பினிகளின் தைரியத்தில் குறை கண்டவர் எவருமில்லை. ஆனால் அவர்களைச் சூழ்ந்த சேனையின் நிலை என்ன? இரண்டு வருஷங்களுக்கு முன்னர்த்தான் ஜெனரல் பாரியானி, டிவிஷன்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதற்காக, மூன்று ரெஜிமெண்டுகள் கொண்ட காலாட்படை டிவிஷனை இரண்டு ரெஜிமெண்டுகள் கொண்டதாகக் குறைத்திருந்தார். காகிதத்தில் டிவிஷன்கள் பெருகின. களத்தில் ஒவ்வொன்றும் மெலிந்தது. நான் ஆட்டத்தில் செய்த தவற்றை ஒரு தேசம் நிஜ மனிதர்களை வைத்துச் செய்திருந்தது என்று அறிந்த அன்று, வெகுநேரம் கணினியைத் திறக்க மனம் வரவில்லை.

மரீன் படையைப் பற்றியும் சில வார்த்தை. அதை நான் அதிகம் கையாண்டவனல்லன். கரையேறும் முதல் நாளுக்காக மட்டும் அமைந்த படை என்று அதைப் பலர் கருதுகிறார்கள். நதியைக் கடந்து தாக்குவதிலும் அதற்குள்ள அனுகூலத்தை நினைப்பதில்லை. போ நதியும் டான்யூப் நதியும் குறுக்கே ஓடும் ஒரு கண்டத்தில் அது அற்பமான அனுகூலமன்று. கரையேறும் விஷயத்திலோ, 1943 நவம்பரில் தராவா தீவில் அமெரிக்க மரீன்கள் கற்ற பாடத்தை மறக்கலாகாது. கடல் எதிர்பார்த்த அளவு ஏறாமையால், படகுகள் பவளப் பாறையில் தட்டி நின்றுவிட, சங்கிலிச் சக்கரங்களோடு பாறைமீதே ஊர்ந்து ஏறவல்ல வண்டிகளில் வந்தவர்கள் மட்டுமே கரை சேர்ந்தனர். மற்றவர்கள் குண்டுமழையில் நூற்றுக்கணக்கான கஜம் தண்ணீரில் நடந்து வந்தார்கள். 76 மணி நேரத்தில் ஏறத்தாழ ஆயிரம் மரீன்கள் மாண்டனர். ஆட்டத்திலும் அவ்வகை வண்டிகள் 2019-இல் சேர்க்கப்பட்டன.

என் மனத்தை வெகுகாலம் ஆட்கொண்டிருந்தது பாராசூட் படை. கிரீட் தீவின்மேல் அதை இறக்கிப் பார்க்கும் ஆசை, முதல் ஆட்டத்திலிருந்தே எனக்கு இருந்தது. போக்குவரத்து விமானங்கள் வேண்டும்; அவை செல்லும் தூரத்துக்குள் விமான தளம் வேண்டும்; இறங்கும் இடத்து வானம் பெரும்பாலும் நம்முடையதாக இருக்க வேண்டும். இவ்வளவையும் 2019-ஆம் ஆண்டு ஓர் ஆட்டத்தில் முறையாகச் சேகரித்து, தீவில் இறக்கி, வடகரை முழுவதையும் நான்கே நாட்களில் பிடித்துவிட்டேன். ஐந்தாவது நாளிலிருந்து ஒரு மாதகாலம், தீவுக்கு நான் அனுப்பிய ஒவ்வொரு கப்பற்கூட்டத்தையும் பிரிட்டிஷ் கடற்படை மூழ்கடித்துக்கொண்டே இருந்தது. வானம் என்னுடையதாயிருந்ததே தவிர, கடல் என்னுடையதன்று. கூட்ஸ் ஷெட்டில் ஆயுள் முழுவதும் சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று கேட்டே வாழ்ந்த நான், சரக்கு போய்ச் சேராத இடத்துக்கு மனிதர்களை அனுப்பியிருந்தேன்.

1941 மே 20-ஆம் தேதி, ஜெனரல் ஸ்டூடண்ட் தம் ஜெர்மானிய பாராசூட் வீரர்களை அதே தீவில் இறக்கினார். முதல் நாள் மாலையில் அவர்களுடைய நிலை ஏறக்குறைய நம்பிக்கையற்றது. மாலெமே என்னும் ஊரின் விமானத் திடலும், அதை நோக்கி நிற்கும் 107 என்று இலக்கமிடப்பட்ட குன்றும் நியூஸிலாந்தின் 22-ஆவது பட்டாலியன் வசம் இருந்தன. அதன் தலைவருக்குத் தம் முன்னணிக் கம்பெனிகளோடு தொடர்பு அறுந்துபோயிற்று. அவை அழிந்துவிட்டன என்றே நினைத்து, உதவியும் வராமற்போகவே, அன்றிரவு அவர் குன்றைவிட்டு விலகினார். பொழுது விடிந்தபோது குன்று காலியாயிருந்தது. அடுத்த நாள் முதலே, குண்டு விழுந்துகொண்டிருந்த அத்திடலில் யுங்கர்ஸ் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்க, அவற்றிலிருந்து வெளிப்பட்டவர்கள் பாராசூட் வீரர்கள் அல்லர். 5-ஆவது மலை டிவிஷனைச் சேர்ந்த சிப்பாய்கள். கடல் வழியே அனுப்பப்பட்ட கூட்டத்தைப் பிரிட்டிஷ் கப்பல்கள் வழியிலேயே சிதறடித்துவிட்டபடியால், அந்த ஒரு திடலே தீவின் வாசலாயிற்று. ஒரு விசேஷப் படை திறந்து வைத்த கதவின் வழியே அடுத்த படை உடனே நுழைந்ததால்தான் கிரீட் விழுந்தது. நான் இறக்கிய படைக்குப் பின்னால் நுழைவதற்கு எவருமே காத்திருக்கவில்லை.

ஜெர்மனிக்கு அவ்வெற்றி அத்தனை உயிர்களை விலையாகக் கேட்டபடியால், அதன் பிறகு ஹிட்லர் அவ்வளவு பெரிய பாராசூட் தாக்குதலுக்கு உத்தரவிடவேயில்லை. அதே வெற்றியைக் கண்டு வியந்து, நேச நாடுகள் தங்கள் பாராசூட் டிவிஷன்களைப் பெருக்கின. 1944 செப்டம்பரில் ஆர்ன்ஹெம் நகரில் இறக்கப்பட்ட ஏறக்குறைய பதினாயிரம் பேரில் இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்களே நதியைக் கடந்து மீண்டார்கள். அங்கேயும் தரைவழியே வந்து சேர வேண்டிய சேனைதான் வந்து சேரவில்லை.

இந்நிலையில், பர்மாவில் 14-ஆவது சேனையை நடத்திய ஸ்லிம் 1956-இல் எழுதி வெளியிட்ட 'டிஃபீட் இன்டு விக்டரி' என்னும் நூலை மறுபடி எடுத்துப் படித்தேன். விசேஷப் படைகளைப் பற்றி அந்நூலின் இறுதிப் பகுதியில் அவர் சொல்லியிருப்பதை, வாலிபத்தில் ஒரு கிழச் சேனாதிபதியின் பிடிவாதம் என்று கருதித் தள்ளியிருக்கிறேன். தேர்ந்தெடுத்த வீரர்களைத் தனியே பிரித்தெடுத்தால் மற்றப் பட்டாலியன்களின் தரம் தாழ்கிறது என்பதும், கடினமான காரியம் எல்லாம் விசேஷப் படையின் வேலை என்ற எண்ணம் சாதாரணச் சிப்பாயின் மனத்தில் ஊன்றிவிடுகிறது என்பதும் அவருடைய வாதம். மரம் ஏறுவதற்கென்று ஒரு ராஜாங்கப் படையை உண்டாக்கிவிட்டு, அப்படையின் தொப்பி அணியாதவன் மரம் ஏற வேண்டியதில்லை என்று விதிப்பதற்கு அதை ஒப்பிடுகிறார். விங்கேட்டின் சிண்டிட் படை 1943-இல் சிண்ட்வின் நதியைக் கடந்து எதிரியின் முதுகுப்புறம் புகுந்த சாகஸத்தில், சென்ற மூவாயிரம் பேரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் திரும்பவில்லை. அதையும், மறுவருஷம் இன்னும் பெரிய அளவில் நடந்ததையும் அருகிலிருந்து கண்டவர் ஸ்லிம். எதிரியின் பின்னால் நாசவேலைக்கும் வேவுக்கும் செல்லும் சிறு குழுக்களை மட்டும் அவரும் வேண்டியவை என்றே ஒப்புக்கொள்கிறார். நான் அவரோடு முழுமையும் உடன்படுகிறேன் என்று சொல்ல மாட்டேன். மாலெமே திடலில் முதலில் குதிக்க எந்தச் சாதாரணப் பட்டாலியனும் முன்வந்திருக்க இயலாது. ஆனால் ஆட்டம் விதித்த நூற்றுக்கு 5 என்னும் வரம்பு ஓர் இடையூறு அன்று, ஸ்லிம் சொன்னதன் கணக்கு வடிவமே அது என்று, அன்றைக்கு எனக்குத் தெளிவாயிற்று. 24 பட்டாலியன்களுக்கு மேல் ஒன்று வேண்டுமென்றாலும் சேனையில் 480 பட்டாலியன்களுக்கு மேல் இருந்தாக வேண்டும். அதற்குப் பின் ஒவ்வொரு விசேஷப் பட்டாலியனுக்கும் இருபது வேண்டும். விகிதத்தை உயர்த்திக்கொள்ள ஆராய்ச்சி வழிகள் உண்டு. நான் அவற்றை நாடவில்லை.

2021 நவம்பரில் அந்த நிறுவனம் ஆட்டத்தின் அடிப்படைகள் இரண்டை மாற்றி அமைத்தது. சப்ளை என்பது இனி ரயில் பாதை வழியே கிடங்குகளுக்கு வந்து, கிடங்கிலிருந்து படைக்குச் செல்ல வேண்டும். கிடங்கைவிட்டு விலக விலக அது மெலியும். இதைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் சொல்லில் அடங்காது. என் தொழிலை ஆட்டம் கண்டுகொண்டது! மற்றொன்று போர்முகத்தின் அகலம். சமவெளியில் 90 என்றும் மலையில் 75 என்றும் நிலத்துக்குத் தக்கபடி அதைப் பிரித்தார்கள். ஒரு காலாட் பட்டாலியன் போர்முகத்தில் 2 அகலமும், ஒரு பீரங்கிப் பட்டாலியன் 3 அகலமும் பிடிக்கும். ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். எட்டு மலைப் பட்டாலியன்களுக்கு 16, மூன்று பீரங்கிப் பட்டாலியன்களுக்கு 9, ஆக 25. அன்றைய விதிப்படி அத்தகைய மூன்று டிவிஷன்கள் ஒரு கணவாயின் முகத்தை ஓர் அங்குலம் மிச்சமின்றி நிரப்பின. மூன்றெட்டு இருபத்து நான்கு: வரம்பும் சரியாக அவ்வளவே. பீரங்கிகள் அவ்வரம்பில் சேர்வதில்லை. துணைக்கு ஐந்து கம்பெனிகளுக்கு இடம் உண்டு: பொறியாளர், வேவு பார்ப்போர், துணைப் பீரங்கி, சப்ளைச் செலவைக் குறைக்கும் தளவாடக் கம்பெனி, முதல் ஆட்டத்தில் நான் மறுத்த மருத்துவக் கம்பெனி. இந்தக் கடைசிக் கம்பெனியின் பயனை விளக்க வேண்டும். போரில் இறந்தோருக்குப் பதிலாகப் புதியவர்கள் வந்து சேரச் சேர, பழகிய டிவிஷனின் அனுபவம் பாலில் நீர் கலந்தாற்போல நீர்த்துப் போகிறது. மருத்துவக் கம்பெனி காயம்பட்டவர்களையே குணப்படுத்தித் திருப்பி அனுப்புவதால், அனுபவம் படையிலேயே தங்குகிறது. விசேஷப் படைக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். 2023 அக்டோபரில் மலை, மரீன், பாராசூட் மூன்றுக்கும் தனித்தனிச் சித்தாந்தங்களைச் சேர்த்து விதிகளை மறுபடி விரிவாக்கினார்கள். அவற்றை நான் இன்னும் பயின்றுகொண்டிருக்கிறேன்.

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்றாம் முறையாக இத்தாலியை எடுத்தேன். இம்முறை எத்தியோப்பியாவில் கிடைத்த அனுபவத்தில் பெரும்பகுதியைச் சாதாரணக் காலாட்படையின் வடிவத்தைத் திருத்துவதிலேயே செலவிட்டேன். ஒவ்வொரு டிவிஷனுக்கும் பீரங்கியும் பொறியாளரும் கிடைத்த பிறகே, மிஞ்சியதைக்கொண்டு மூன்று மலை டிவிஷன்களை அமைத்தேன். அல்பேனியாவின் துறைமுகத்திலிருந்து எல்லைவரை ரயில் பாதையை இழுத்துக் கிடங்கு கட்டுவதற்கு ஒரு வருஷம் பிடித்தது. 1940 அக்டோபர் வந்தது, போனது. நான் அசையவில்லை. 1941 மே மாதம் பனி உருகியதும், மூன்று மலை டிவிஷன்களும் ஒரே கணவாயை நோக்கி ஏறின. அவை பிடித்த ஒவ்வோர் இடத்திலும் மறுவாரமே காலாட்படை வந்து நிலைகொண்டது. அது நிலைகொள்ளும்வரை மலைப்படையை நான் மேலே நகர்த்தவில்லை. பக்கங்களில் கிரேக்கர்கள் பாய்ந்தார்கள், பக்கங்கள் குலையவில்லை. கணவாய் திறந்த அன்று, அதன் வழியே தெஸ்ஸலிச் சமவெளிக்குள் இறங்கிச் சென்றவை முழுவதும் காலாட்படை டிவிஷன்கள். மலைப்படைகள் மூன்றும் மேலேயே தங்கி இளைப்பாறின.

அடுத்த முறை வந்தபோது மருமகன் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தான். மலை டிவிஷன்கள், ஆட்டம் தானாகவே கொடுத்த வெறும் எண்களோடு நின்றிருந்தன. அவன் படத்தைக் கீழே நகர்த்தி, பக்கங்களைக் காத்து நின்ற காலாட்படையின்மேல் சுட்டியை வைத்தான். ஒவ்வொரு பெயராகத் தோன்றியது. விருத்தாசலம், மணப்பாறை, திண்டுக்கல்.

"இதெல்லாம் நீங்க வேலை பார்த்த ஸ்டேஷன் இல்லே மாமா?" என்றான்.

ஆமென்று சொல்லிவிட்டு, மணப்பாறை டிவிஷனுக்கு அன்று சப்ளை சேர்ந்திருந்ததா என்று பார்க்கச் சொன்னேன்.